இ20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) போட்டால் மைலேஜ் 20% போய்விடுமா?

"எத்தனால் 20%, அதனால் மைலேஜும் 20% விழும்" என்று சிலர் போடும் கணக்கு தப்பு. எத்தனாலும் எரிபொருள்தானே! லிட்டருக்குப் பெட்ரோல் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் தந்தால் எத்தனால் 21 தரும். ஆகவே இ20-ல் இழப்பு 7% அளவு, இ10-ல் (10% எத்தனால்) 3.5%. அதற்கு மேல் குறைந்தால் டயர் காற்று, ஏர் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார் பக்கம் பாருங்கள்.

நிஜமான தொல்லை, மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டிக்கு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். இ10-ல் தண்ணீர் ஏறக்குறைய 0.5% தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான். மேலே மிஞ்சும் பெட்ரோலில் ஆக்டேன் (இன்ஜினில் தட்டாமல் எரியும் தரம்) இறங்கியிருக்கும். கொஞ்சம் புது பெட்ரோல் ஊற்றிக் குலுக்குவது வீண்வேலை. மொத்தமாக வடித்து, ஃபில்டரையும் மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் டேங்கை நிரப்பிவிட்டால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும்.

பழைய கார் என்றால் ஹோஸ், ஓ-ரிங்குகளைத் தொட்டுப் பாருங்கள். எத்தனாலைத் தாங்காத ரப்பர் முதலில் உப்பும், பிறகு விரிசல் விடும். பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால், ஹோஸை மாற்றும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.