அவர்கள் நடிக்கவில்லை

சிங்கப்பூரில் நம் வட்டாரத்தில் ஒருவர் மதப்பிடிப்பு மிகுந்தவர் என்று தெரிந்துவிட்டால் போதும், அவரைப் பற்றிய பேச்சு ஒரே திசையில்தான் போகிறது. எல்லாம் வெளிவேஷம். அலுவலக விருந்தில் மது இருக்கும் மேசையில் உட்கார மறுக்கும் முஸ்லிம் நண்பரா? தன்னை உத்தமராகக் காட்டிக்கொள்கிறார். கோயில் பிரசாதத்தைக் கைகூப்பி மறுக்கும் பெந்தெகொஸ்தே அக்காவா? சபையில் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை அலகு குத்திக் காவடி சுமக்கும் இளைஞனா? படம் எடுத்துப் போடத்தான்! இப்படிச் சொல்கிறவர்களில் பலர் என் நண்பர்கள், நன்றாகப் படித்தவர்கள், மற்ற எல்லாவற்றிலும் நியாயமாகப் பேசுகிறவர்கள். இந்த ஒன்றில் மட்டும் அவர்களோடு என்னால் ஒத்துப்போகவே முடியவில்லை.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கோயிலுக்கு எப்போதாவது போகிறவள். பழைமைவாதிகள் வலியுறுத்தும் பெரும்பாலான விஷயங்களில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவு 2022-இல் நீக்கப்பட்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அப்படியிருந்தும் சொல்கிறேன்: அந்த மனிதர்களில் மிகப் பெரும்பாலோர் தாங்கள் சொல்வதை மனதார நம்புகிறார்கள். அதை ஒப்புக்கொள்ள நாம் மறுப்பது நம்முடைய சோம்பல்.

சிங்கப்பூர்த் தமிழர்களிடம் இந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1929-இல் பெரியார் மலாயா வந்துபோனார். 1932-இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. 1935-இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கினார். சாதிக்கும் மூடநம்பிக்கைக்கும் எதிராக அவர்கள் நடத்திய போராட்டத்தின் பலனை இன்று நாம் அனுபவிக்கிறோம். அந்தத் தலைமுறை பக்தர்களோடு நேருக்கு நேர் நின்று வாதாடியது. மேடை போட்டது, கட்டுரை எழுதியது, எதிர்ப்பைத் தாங்கியது. அதே சாரங்கபாணிதான் 1952-இல் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவத் தமிழர்களை ஒன்றுசேர்க்கத் தமிழர் திருநாள் கொண்டாடச் செய்தார். அந்த உழைப்பையெல்லாம் விட்டுவிட்டு ஏளனத்தை மட்டும் எடுத்துக்கொண்டோமோ என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

"கண்ணால் பார்த்த பிறகுமா நம்பச் சொல்கிறாய்?" என்று கேட்பார்கள். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலின் தலைமை அர்ச்சகராக இருந்தவர் அம்மன் நகைகளை ஆண்டுக்கணக்கில் அடகு வைத்தும் மீட்டும் வந்தது வெளியானபோது நம் சமூகமே அதிர்ந்தது. 2023-இல் அவருக்கு ஆறாண்டுச் சிறை. அந்த வலி உண்மை. ஆனால் ஒருவர் செய்த நம்பிக்கைத் துரோகத்துக்கு, விடியற்காலையில் எழுந்து அதே அம்மனுக்குப் பூ கட்டிக் கொடுக்கும் ஆயிரம் பேர் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

சிட்டி ஹார்வெஸ்ட் தேவாலய வழக்கை இதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். தேவாலயத்தின் பணம் ஏறத்தாழ 50 மில்லியன் வெள்ளியைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக 2015-இல் போதகர் கோங் ஹீ உட்பட ஆறு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. போதகரின் மனைவியுடைய பாடகர் வாழ்க்கைக்குப் பணம் போனது. போலிக் கடன்பத்திரங்கள் வந்தன. பிறகு அவற்றை மறைக்க மேலும் பணம் சுழற்றப்பட்டது. காப்பிக் கடையில் பேசியவர்களுக்கு ஒரே முடிவுதான்: கர்த்தர் பெயரைச் சொல்லிக் கொள்ளையடித்தார்கள். நீதிமன்றமோ வேறொன்றைக் கவனித்துச் சொன்னது. தேவாலயத்தின் நன்மைக்காகவே செய்கிறோம் என்று அவர்கள் எண்ணியதையும், தமக்கென ஆதாயம் அடைந்ததற்குச் சான்று இல்லை என்பதையும் நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட பிறகும் குற்றவாளிகள் என்றே தீர்ப்பளித்தார். உள்ளத்தில் உண்மையோடு இருந்தார்களா என்பது ஒரு கேள்வி, செய்தது சரியா என்பது இன்னொரு கேள்வி. நாம் முதல் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு, இரண்டாவதற்கும் சேர்த்துப் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைப் பாருங்கள். 1972-இல் அவர்களது சபையின் பதிவை அரசு ரத்து செய்தது. அந்தக் குடும்பங்களில் பிறந்த பையன்கள் ஆயுதம் ஏந்தக் கூடாது என்ற நம்பிக்கைக்காகக் கட்டாய ராணுவச் சேவையான தேசிய சேவையை மறுக்கிறார்கள். அதற்காக ராணுவத் தடுப்பு முகாமில் ஆண்டுக்கணக்கில் அடைபடுகிறார்கள். என் தம்பியும் என் அண்ணன் மகனும் தேசிய சேவை செய்தவர்கள். எல்லாரும் சுமக்க வேண்டிய கடமை அது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பத்தொன்பது வயதில் அந்த அறைக்குள் போகிறவனை நடிகன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பழைமைவாதிகள் மேல் வரும் சந்தேகத்தில் அவர்கள் பங்கும் இருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. 2009-இல் 'அவேர்' மகளிர் அமைப்பின் நிர்வாகத்தை ஒரு புதிய குழு கைப்பற்றியது. அவர்களில் பலர் ஒரே தேவாலயத்தைச் சேர்ந்தவர்கள் என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. அந்த மே 2-ஆம் தேதி சன்டெக்கில் நடந்த கூட்டத்தில் 1,414-க்கு 761 என்ற வாக்குக்கணக்கில் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்தப் பெண்களின் கடவுள் நம்பிக்கை பொய் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. எங்கள் நம்பிக்கைக்காகத்தான் வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்திருந்தால், தோற்றிருந்தாலும் மரியாதையோடு தோற்றிருப்பார்கள். இன்னொன்றும் உண்டு. அடுத்தவர் படுக்கையறையைப் பற்றி அவ்வளவு உரக்கப் பேசுகிறவர்கள், வீட்டில் வேலை செய்யும் பணிப்பெண்ணின் ஓய்வுநாளைப் பற்றியும், பெண் பார்க்கும்போது சாதி கேட்பதைப் பற்றியும் அதே குரலில் பேச வேண்டும். அந்த மௌனம்தான் நல்ல பக்தரையும் போலியாகக் காட்டுகிறது.

377ஏ விஷயத்துக்கு வருகிறேன். 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றத்தில் 93 பேர் நீக்கத்தை ஆதரித்தார்கள், மூன்று பேர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் எழுந்து நின்று காரணம் சொன்னார்கள். எனக்கு அந்தக் காரணங்கள் போதவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதற்கு நம்மால் பதில் சொல்ல முடிந்தது. ஓட்டுக்காக நடிக்கிறார்கள் என்று ஒரு வரியில் ஒதுக்கியவர்கள் அந்தப் பதிலைச் சொல்லும் சிரமத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை.

என்னோடு வேலை செய்த ஒரு தம்பி, தான் ஒருபாலீர்ப்பு உள்ளவன் என்று வீட்டில் சொன்னவன். அப்பா தீவிரமான கிறிஸ்தவர். "சொந்தக்காரர்கள் வாய்க்குப் பயந்துதான் உன் அப்பா இப்படி முறுக்கிக்கொள்கிறார், கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்று நண்பர்கள் எல்லாரும் அவனைத் தேற்றினார்கள். அவனுக்குத் தெரியும், அப்பா யாருக்கும் பயப்படவில்லை என்று. மகனின் ஆத்துமா அழிந்துவிடும் என்று அவர் உண்மையாகவே நடுங்கினார். அவனுக்காக உபவாசம் இருந்தார். அந்த உண்மைதான் அவனை மிகவும் காயப்படுத்தியது. போலியான கோபமாக இருந்திருந்தால் அவனும் சிரித்துக் கடந்திருப்பான்.

கடைசியில் அவன் அப்பாவிடம் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு வேதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினான். அப்பா மதிக்கும் ஒரு மூப்பரையும் பேச்சில் சேர்த்துக்கொண்டான். அப்பாவின் கருத்து மாறவில்லை. மாறும் என்று நான் அவனிடம் சொல்லவும் இல்லை. ஆனால் இப்போது இருவரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து வாதாடுகிறார்கள். அப்பா நடிக்கிறார் என்று நாம் எல்லாரும் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அதுகூட நடக்கவில்லை.