முரளிதரனின் 32.74

சென்ற வாரம் உறவினர் வீட்டு விசேஷமொன்றில், பாடசாலை அணிக்குச் சுழற்பந்து வீசும் என் அக்காவின் மகனோடு பேசிக்கொண்டிருந்தபோது இலங்கையின் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனைப் பற்றிய பேச்சு வந்தது. "அவருக்குப் பிறக்கேக்கையே கை அப்பிடி, மாமா. அந்தக் கை இருந்தா யாரும் விக்கெட் எடுக்கலாம்" என்றான். அவன் அதை வியப்போடும் மரியாதையோடும்தான் சொன்னான். ஆனால் அதே கருத்தை வசையாகச் சொன்ன குரல்களை முப்பது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். வியப்பவர்களும் சரி, "அவர் பந்தை எறிகிறார்" என்று, அதாவது வீசும்போது விதிக்கு மாறாக முழங்கையை நிமிர்த்துகிறார் என்று, குற்றம் சாட்டியவர்களும் சரி, எல்லாவற்றையும் பிறவியிலேயே முழுமையாக நிமிராத அந்த வளைந்த முழங்கையின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். அந்த இடத்தில் அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

என் பதில் முழுவதும் 1991ஆம் ஆண்டுக்கும் 1998ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றியது. 2004இல் போட்டி மத்தியஸ்தர் கிறிஸ் பிராட் ஐயம் எழுப்பிய, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திரும்பும் 'தூஸ்ரா' வகைப் பந்தோ, ஓய்வுக்குப் பின் முரளி சொன்ன அரசியல் கருத்துகளோ இங்கே என் பேசுபொருள் அல்ல. அந்த அரசியல் கருத்துகளில் எனக்குக் கடுமையான முரண்பாடு உண்டு; அதற்காக இருபது வயதில் அவர் பட்ட பாட்டை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

முரளி 1972 ஏப்ரல் 17ஆம் திகதி கண்டியில் பிறந்தவர். தமிழ்நாட்டிலிருந்து மலையகத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த ஒருவரின் பேரன். தந்தை பிஸ்கட் தொழில் நடத்தியவர். 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையில் அந்தக் குடும்பத்தின் தொழிற்சாலை தீக்கிரையானது. அவர் படித்தது கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில். அங்கே அவர் முதலில் வீசியது சுழற்பந்து அல்ல, மிதவேகப் பந்து. பதினான்கு வயதில், பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோவின் ஆலோசனைப்படியே ஓஃப் ஸ்பின் என்னும் சுழற்பந்து வகைக்கு மாறினார். முழுமையாக நிமிர்த்த முடியாத அந்த முழங்கை மிதவேகப் பந்துவீச்சாளனாக இருந்த சிறுவனிடமும் இருந்ததுதானே? ஒருவர் பார்த்து, மாற்றிக்கொள் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதை அந்தச் சிறுவன் கேட்டு, முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் பாடசாலையின் கடைசி இரண்டு பருவங்களில் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளும், 1991இல் ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரருக்கான பாட்டா விருதும் வந்தன.

பாடசாலை முடிந்ததும் கொழும்பில் தமிழ் யூனியன் கழகத்தில் சேர்ந்தார். அதே 1991இல் இலங்கை 'ஏ' அணியோடு இங்கிலாந்துக்குப் போனார். அங்கே ஐந்து ஆட்டங்களில் விளையாடி ஒரு விக்கெட்டேனும் எடுக்காமல் திரும்பினார்.

இந்த இடத்தைப் பலரும் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. பத்தொன்பது வயது இளைஞன், ஊரில் ஆண்டின் சிறந்த வீரன் என்று பெயர் வாங்கிக் கைநிறைய விக்கெட்டுகளோடு போனவன், குளிரிலும் ஈரத்திலும் பந்து கையில் சரியாகப் பிடிபடாத ஒரு நாட்டிலிருந்து வெறுங்கையோடு வருகிறான். பாடசாலைக் கிரிக்கெட்டில் கொடிகட்டிப் பறந்து, முதல் வெளிநாட்டுப் பயணத்தோடு பெயர் மறக்கப்பட்ட பிள்ளைகள் இந்த நாட்டில் எத்தனையோ பேர். முழங்கை அவ்வளவு பெரிய வரமாக இருந்திருந்தால், இங்கிலாந்தில் ஐந்து ஆட்டங்களிலும் அது என்ன செய்துகொண்டிருந்தது? ஊர் திரும்பிய முரளிக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். அலன் போடரின் அவுஸ்திரேலிய அணி 1992இல் இலங்கைக்கு வந்தபோது ஒரு பயிற்சி ஆட்டத்தில் நன்றாக வீசினார். அதைக் கண்டு தேர்வாளர்கள் அவரை டெஸ்ட் அணிக்கு எடுத்தார்கள்.

அந்தக் காலத்தின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1987 ஏப்ரலில் கொழும்பில் குண்டு வெடித்து நியூசிலாந்து அணி பயணத்தை இடைநிறுத்திச் சென்ற பிறகு, ஐந்து ஆண்டுகளாக இலங்கை மண்ணில் ஒரு டெஸ்ட் போட்டியும் நடக்கவில்லை. அந்த வறட்சிக்குப் பின் வந்த முதல் தொடரின் இரண்டாவது டெஸ்டில், ஓகஸ்ட் 28ஆம் திகதி, கொழும்பு கெத்தாராமை மைதானத்தில் முரளி அறிமுகமானார். 1983 ஜூலை இனக்கலவரத்துக்கு ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வடக்கிலும் கிழக்கிலும் போர் நடந்துகொண்டிருந்தது. அத்தகைய ஒரு நாளில் கண்டித் தமிழ் இளைஞன் ஒருவன் தேசிய அணியில் இறங்கியது எங்கள் தெருவில் எவ்வாறெல்லாம் பேசப்பட்டது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெருமையும் பயமும் கலந்தே பேசினார்கள்.

அந்தப் போட்டியில் அவர் 141 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள் எடுத்தார். முதல் விக்கெட் கிரெய்க் மெக்டர்மட், எல்.பி.டபிள்யூ. ஆனால் பார்த்தவர்கள் மறக்காதது டொம் மூடி ஆட்டமிழந்த பந்து: ஓஃப் ஸ்டம்புக்கு வெகு வெளியே விழுந்து, காலுக்குப் பின்னால் சுழன்று வந்து ஸ்டம்பைத் தகர்த்தது. எண்ணிக்கையில் சாதாரணமான அறிமுகம்தான். ஷேன் வோர்ன்கூட அதே ஆண்டு ஜனவரியில் சிட்னியில் இந்தியாவுக்கு எதிராக 150 ஓட்டங்களுக்கு 1 விக்கெட் என்றுதான் தொடங்கினார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மூடிக்கு வீசிய அந்தப் பந்தில் வரமும் இருந்தது, சிக்கலும் இருந்தது. வழக்கமான ஓஃப் ஸ்பின்னர் விரலால் பந்தைத் திருப்புவார். முரளி மணிக்கட்டால் திருப்பினார், ஆகவே பந்து மற்றவர்களுடையதைவிடப் பன்மடங்கு திரும்பியது. திருப்பம் மிகுந்தால் விக்கெட்டும் மிகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நடைமுறை வேறு. மிகுதியாகத் திரும்பும் பந்தைக்கொண்டு ஸ்டம்பைத் தாக்க வேண்டுமென்றால் ஓஃப் ஸ்டம்புக்கு வெகு வெளியே போட வேண்டும். அங்கே விழும் பந்தைத் துடுப்பாட்ட வீரர் தொடாமலே விடலாம், காலை முன்னே வைத்துத் தடுக்கலாம், அல்லது திருப்பத்தோடு சேர்த்து லெக் திசையில் அடிக்கலாம். ஸ்டம்புக்கு நேராகப் போட்டாலோ பந்து லெக் ஸ்டம்பைத் தாண்டிப் போய்விடும், நடுவர் எல்.பி.டபிள்யூ. கொடுக்க மாட்டார். ஆகவே எவ்வளவு திருப்புவது, எப்போது திருப்பாமல் விடுவது, எந்தக் கோணத்திலிருந்து வீசுவது என்பதையெல்லாம் கற்றால்தான் அந்த மணிக்கட்டால் பயன். அதைக் கற்க ஓவர்கள் தேவை. ஆயிரக்கணக்கான பந்துகள் தேவை. அடி வாங்கும் நாள்களும் தேவை.

அடி வாங்கிய நாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் 1994 ஜனவரியின் இந்தியப் பயணத்தைத்தான் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய ஓகஸ்டில் மொறட்டுவையில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 104 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்து, முதல் முறையாக ஐந்து விக்கெட்டுகள் என்ற எல்லையைத் தொட்டிருந்தார். இந்தியாவிலோ இலங்கை அணி மூன்று டெஸ்ட்டுகளிலும் இன்னிங்ஸ் தோல்வி கண்டது. லக்னோவில் சித்து 124 ஓட்டங்களில் 8 சிக்ஸர்கள் அடித்தார். டெண்டுல்கர் 142 எடுத்தார். அந்த இன்னிங்ஸில் முரளியின் கணக்கு 162 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள். தொடர் முழுவதும் 12 விக்கெட்டுகள். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில், தலைக்கு மேலே பந்து பறந்துகொண்டிருக்கையில், அடுத்த பந்தையும் அதே அளவு காற்றில் மிதக்கவிட்டு வீசுவது எளிதல்ல. அடி விழுந்ததும் பந்தைத் தட்டையாக, வேகமாக எறிந்து ஓட்டத்தைக் குறைக்கப் பார்ப்பதுதான் எந்தச் சுழற்பந்து வீச்சாளருக்கும் தோன்றும் முதல் எண்ணம். என் மருமகன் அடிவாங்கும்போது செய்வதும் அதுதான். முரளி அப்படிச் செய்திருந்தால் 162 என்பது 100ஆகக் குறைந்திருக்கலாம். அந்த ஐந்து விக்கெட்டுகள் கிடைத்திருக்குமா என்பதுதான் என் கேள்வி.

1995இல் பலன் தெரியத் தொடங்கியது. மார்ச் மாதம் நியூசிலாந்தில், புல் படர்ந்த டனிடின் ஆடுகளத்தில் 64 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள். பின்னர் பாகிஸ்தானில் இலங்கை 2-1 என்று வென்ற தொடரில் 19 விக்கெட்டுகள். ருமேஷ் ரத்னாயக்கவின் 73 விக்கெட்டுகளைத் தாண்டி, இலங்கைக்காக அதிக டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தவரானார். அந்த ஆண்டு டிசம்பரில் மெல்பர்ன் மைதானத்தில் இறங்கும்போது அவர் கணக்கு 22 டெஸ்ட், 80 விக்கெட்டுகள், சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டங்கள்) 32.74.

இந்த 32.74 என்ற எண்ணைத்தான் என் மருமகனுக்குக் காட்ட விரும்புகிறேன். ஓய்வு பெறும்போது 133 டெஸ்ட்டுகளில் 800 விக்கெட்டுகளோடு முரளியின் சராசரி 22.72. ஒரு விக்கெட்டுக்குப் பத்து ஓட்டங்கள் குறைந்திருக்கின்றன. முழங்கை அன்றும் அதேதான், என்றும் அதேதான். பிறவி அமைப்பு காரணம் என்றால் முதல் நாளிலிருந்தே அது வேலை செய்திருக்க வேண்டும்.

1995 டிசம்பர் 26ஆம் திகதி காலை எங்கள் வீட்டில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. மெல்பர்னில் தேநீர் இடைவேளைக்கு முந்திய நேரம். பந்துவீச்சாளர் பக்கத்தில் நின்ற நடுவர் டரல் ஹெயார், மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை முரளியின் பந்தை நோ போல் என்று அறிவித்தார். முதலில், காலை முன்னே வைத்துவிட்டார் போலும் என்றே நினைத்தோம். மூன்றாவது, நான்காவது முறை வந்ததும் அப்பா வானொலியின் ஒலியைக் கூட்டினார். பிறகு யாரும் பேசவில்லை. 55,000 பேருக்கு மேல் அமர்ந்திருந்த மைதானத்தில், 23 வயதுப் பந்துவீச்சாளர் ஒருவரின் வாழ்வாதாரம் முழுவதும் ஒரு கை நீட்டலில் தொங்கியது.

நடுவர் சொன்ன குற்றம், முரளி பந்தை எறிகிறார் என்பது. அன்றைய விதிப்படி, அதைக் கண்ணால் கண்டு தீர்ப்புச் சொல்லும் உரிமை நடுவருக்கு இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேகமாகச் சுழலும் ஒரு கையின் முழங்கை எந்தக் கணத்தில் எவ்வளவு நிமிர்கிறது என்பதை வெறுங்கண்ணால் அளக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளியைத் தாக்குதலிலிருந்து விலக்கி ஒளித்துவைக்கவில்லை. மறுமுனைக்கு மாற்றினார், அங்கே நடுவர் ஸ்டீவ் டன் எதிர்ப்பு எதுவும் சொல்லவில்லை, முரளி மேலும் பன்னிரண்டு ஓவர்கள் வீசி, மார்க் வோவின் ஸ்டம்பையும் தகர்த்தார். அந்தப் பன்னிரண்டு ஓவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கால்கள் நடுங்கியிருக்கக்கூடிய நிலையில் அவர் வீசிய அந்த ஓவர்களைத்தான் இந்தக் காலகட்டத்தின் மிகப் பெரிய பந்துவீச்சாக நான் கருதுகிறேன்.

பத்து நாள் கழித்து, 1996 ஜனவரி 5ஆம் திகதி, பிரிஸ்பேனில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஒருநாள் போட்டியில் நடுவர் ரொஸ் எமர்சன் மீண்டும் ஏழு முறை நோ போல் அறிவித்தார். அன்று முரளி வீசியவற்றில் சில, மறுதிசையில் திரும்பும் லெக் பிரேக் பந்துகள். அவற்றுக்கும் அதே தீர்ப்பு. பின்னர் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஆய்வுகள் நடந்தன. முழங்கையை முழுமையாக நிமிர்த்த முடியாத பிறவி அமைப்பும், வழக்கத்துக்கு மாறாக வளையும் மணிக்கட்டும் சேர்ந்து, எறிவது போன்ற தோற்றத்தைக் கண்ணுக்குத் தருகின்றன என்பதே அவற்றின் முடிவு. பிரிஸ்பேன் நிகழ்வுக்குப் பின் இரண்டரை மாதங்களுக்குள், மார்ச் 17ஆம் திகதி, லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் அதே அவுஸ்திரேலியாவுக்கு எதிராகப் பத்து ஓவர்கள் வீசி 31 ஓட்டங்களை மட்டுமே கொடுத்தார்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் நியூசிலாந்தின் ஹமில்டனில் ஸ்டீபன் ஃபிளெமிங்கின் விக்கெட்டோடு, 100 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த முதல் இலங்கையரானார். 1998 ஜனவரியில் சொந்த ஊரான கண்டியில் சிம்பாப்வேக்கு எதிராக 117 ஓட்டங்களுக்கு 12 விக்கெட்டுகள். ஒரே டெஸ்டில் பத்து விக்கெட்டுகளைத் தாண்டியது அதுவே முதல் முறை.

அந்த ஓகஸ்டில் அணி இங்கிலாந்துக்குப் போனது. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு விக்கெட்டும் இல்லாமல் திரும்பிய அதே நாடு. லண்டன் ஓவல் மைதானத்தில் நாணயச் சுழற்சியில் வென்ற ரணதுங்க, பலரும் வியக்கும் வண்ணம் இங்கிலாந்தை முதலில் துடுப்பெடுத்தாடச் சொன்னார். முதல் இன்னிங்ஸில் முரளி 59.3 ஓவர்கள் வீசி 155 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள் எடுத்தார். பிறகு ஜயசூரிய 213, அரவிந்த டி சில்வா 152 என்று இலங்கை 591 ஓட்டங்கள் குவித்தது. இரண்டாவது இன்னிங்ஸில் முரளி மேலும் 54.2 ஓவர்கள் வீசி 65 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகள் எடுத்தார். மீதமிருந்த ஒரு விக்கெட் ரன் அவுட். அந்த ஒன்பதில் பென் ஹொலியோக்கின் விக்கெட் அவருடைய 200ஆவது. இங்கிலாந்து மண்ணில் இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றி அது.

முதலில் பந்துவீசத் தீர்மானித்ததற்கு ரணதுங்க சொன்ன காரணத்தை என் மருமகனுக்கு இன்றிரவே தொலைபேசியில் சொல்லப் போகிறேன். இலங்கை முதலில் துடுப்பெடுத்தாடினால், இங்கிலாந்தின் இரண்டு இன்னிங்ஸும் அடுத்தடுத்து வந்து முரளி இடைவெளியின்றி வீச நேரிடலாம். நடுவில் அந்தக் கைக்கு ஓய்வு வேண்டும் என்பதற்காகவே அவர் அப்படித் தீர்மானித்தார்.