பந்தைப் பார்க்காதீர்கள், சேஃப்டியைப் பாருங்கள்

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு குவார்ட்டர்பேக் 60 யார்டு தூரம் பந்தை எறிந்துவிட்டால் போதும், ஊரே வாயைப் பிளக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு மரியாதை கிடையாது. 12 யார்டு தூரத்தில், பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் இன்னும் முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவன் திரும்பி நிற்கப்போகிற இடத்துக்குப் பந்தை அனுப்புகிறானே, அவன்தான் எனக்கு குவார்ட்டர்பேக்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண் பந்தையே துரத்தும். நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. தற்காக்கும் அணியின் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டிகளைக் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் ஆட்டமே பிடிபட்டது. (டிவிக்காரர்கள் பாதி நேரம் அவர்களைக் காட்டுவதே இல்லை. அந்தக் கடுப்பு தனி.)

பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வரும் ஸ்னாப்புக்கு முன்பே வேலை ஆரம்பமாகிவிடுகிறது. ஆழத்தில் நிற்பது ஒருவரா, இருவரா? ஒரு ரிசீவரைக் குறுக்கே ஓடவிட்டுப் பார்ப்பார்கள். எதிரணி ஆள் ஒருவன் கூடவே ஓடினால், பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல். யாரும் பின்தொடரவில்லை என்றால் இடத்தைக் காக்கிறார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரணிக்கும் இது தெரியுமே! பந்து கைக்கு வந்த நொடியில் ஒரு சேஃப்டி முன்னால் பாய்வான், மற்றவன் நடுவுக்கு ஓடுவான். அதுவரை பார்த்தது அத்தனையும் பொய்யாகிவிடும். எறிய மிச்சமிருப்பது இரண்டரை, மூன்று வினாடி.

அதற்குள் 11 பேரையும் பார்க்க யாராலும் முடியாது. பல ஆட்ட வரைவுகளில் ஒரே ஒரு லைன்பேக்கரையோ (நடு வரிசைக் காவல்காரன்) சேஃப்டியையோ பார்த்தால் போதும். அவனுக்கு முன்னால் ஒரு ரிசீவர், பின்னால் ஒருவர். அவன் பின்வாங்கினால் முன்னால் இருப்பவருக்கு எறி. முன்னேறினால் அவன் தலைக்கு மேலே எறி. கால்களுக்கும் கணக்கு உண்டு. ஐந்து எட்டு வைத்துப் பின்வாங்கி, கடைசி எட்டு ஊன்றியதும் பந்து கையை விட்டுப் போக வேண்டும். 1980களில் சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் பயிற்சியாளர் பில் வால்ஷ் இதைத் தாளக்கட்டு மாதிரி ஆக்கினார். கை பலத்துக்காக யாரும் புகழாத ஜோ மொன்டானா, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் டிராஃப்டில் 1979இல் 82வதாகப் போனவர், அங்கே நான்கு முறை சூப்பர் பவுல் இறுதிப்போட்டியை வென்றார்.

கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகுதான் எறிவேன் என்றால் அதற்குள் கதவு சாத்தியிருக்கும். 2019 அக்டோபரில் நியூ இங்கிலாந்திடம் ஜெட்ஸ் அணி 33-0 என்று தோற்ற இரவில், ஜெட்ஸின் குவார்ட்டர்பேக் சாம் டார்னால்ட் தனக்குப் பேய்கள் தெரிவதாகச் சொன்னது மைக்கில் பதிவாகிவிட்டது. நாடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பத் திரும்ப ஏமாந்த கண் எதைத்தான் நம்பும்?

இந்தத் திறமையைக் கணினியில் அளந்துவிடலாம் என்பவர்களிடம் மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. 2023 டிராஃப்டுக்கு முன்னால், குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் அப்படியொரு தேர்வில் படுமோசமாக மதிப்பெண் வாங்கினார் என்று செய்தி கசிந்தது. ஹூஸ்டன் அவரை இரண்டாவதாக எடுத்தது. முதல் சீசனிலேயே 4,108 யார்டு, 23 டச்டவுன், எதிரணி பிடித்துக்கொண்ட பந்து, அதாவது இன்டர்செப்ஷன், வெறும் 5.

அப்புறம், எல்லோரும் திட்டும் அந்த எறிதல். 2015 பிப்ரவரி 1, சூப்பர் பவுல், பின்தங்கியிருந்த சியாட்டில் அணிக்கு டச்டவுன் கோட்டுக்கு ஒரு யார்டு, கடைசி அரை நிமிடம். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் மார்ஷான் லிஞ்சிடம் பந்தைக் கொடுத்திருக்கலாம் என்று இன்றுவரை புலம்புகிறார்கள். சரி, கொடுத்திருக்கலாம். ஆனால் சியாட்டிலின் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் எறிந்தது மோசமான பந்து இல்லை. நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் இதே ஆட்ட வரைவிடம் முன்பு தன் அணியின் பயிற்சியின்போது ஏமாந்திருந்தார். ரிசீவர்கள் இருவர் ஒருவர் பின் ஒருவராக நின்றதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. சியாட்டில் ரிசீவர் ரிக்கார்டோ லாக்கெட் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் வில்சனின் பந்து வந்தது. பட்லர் அங்கே முதலில் போய்ச் சேர்ந்திருந்தார்.