இரண்டாம் பொமாரே ஏமாந்தவரா?

பசிபிக் தீவுகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: பைபிளோடு பாதிரி வந்தார், அப்பாவி ஜனம் நம்பிக் கெட்டது. இன்னொருவர் எதிர்ப்பாட்டு பாடுவார்: ராஜா மனம் திரும்பினார், இருள் விலகியது. இரண்டு கதையிலும் அந்த ராஜாவுக்குச் சொந்தமாக மூளை என்று ஒன்று கிடையாது. எனக்கு எரிச்சல் அதில்தான். பசிபிக் தீவான டஹிட்டியின் ராஜா இரண்டாம் பொமாரேயைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

1797 மார்ச்சில் லண்டன் மிஷனரி சங்கத்தின் (எல்.எம்.எஸ்.) 'டஃப்' கப்பல் டஹிட்டியின் மடாவாய் விரிகுடாவுக்கு வந்தது. அதில் வந்த மிஷனரிகளில் குருப்பட்டம் பெற்றவர்கள் நாலே பேர். மீதிப் பேர் தச்சர், தையல்காரர், செருப்புத் தைப்பவர். பிற்பாடு டஹிட்டி மொழியில் பைபிளைக் கொண்டுவந்த ஹென்றி நாட், தொழிலால் கொத்தனார். (நாகர்கோவில்காரர்களுக்கு எல்.எம்.எஸ். என்றால் விளக்க வேண்டாம். 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே நாகர்கோவில் பக்கத்து மயிலாடிக்கு வந்ததும் இதே சங்கத்தின் பேரில்தான். ஆனால் அங்கே முதலில் வந்து சேர்ந்தவர்கள் ஒடுக்கப்பட்ட சனம். டஹிட்டியில் ராஜா திரும்பிய பிறகுதான் ஊர் திரும்பியது.)

முதல் பதினைந்து வருஷம் மிஷனரிகள் பேசியது யார் காதிலும் ஏறவில்லை. பொமாரே குடும்பத்துக்கு அப்போது வேண்டியிருந்தது துப்பாக்கியும், சிட்னிக்குப் பன்றி இறைச்சி அனுப்பும் வியாபாரமும், எல்லாவற்றுக்கும் மேலாக ஓரோவும். ஓரோ போர்த்தெய்வம். அந்தத் தெய்வத்தின் திருவுரு யார் கையில் இருக்கிறதோ அவருக்கே தீவில் மேல்கை. 1802-இல் அட்டஹுரு பகுதியினர் அதைத் தரமாட்டோம் என்றார்கள். பொமாரே தரப்பு பலவந்தமாகத் தூக்கிக்கொண்டு டவ்டிரா என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ஊர் போர்க்களமானது.

அப்படிப் பிடுங்கி வந்த சாமியும் 1808-இல் காப்பாற்றவில்லை. இரண்டாம் பொமாரே தோற்று, பக்கத்துத் தீவான மூரியாவுக்கு ஓடினார். மிஷனரிகளில் பெரும்பாலோர் சிட்னிக்குக் கப்பலேறிவிட்டார்கள். நாடிழந்து மூரியாவில் உட்கார்ந்திருந்தவர், 1812-இல் ஞானஸ்நானம் கேட்டார். ஆமைக்கறி சம்பவமும் அந்தக் காலத்ததுதான். ஆமை பிடிபட்டால் முதலில் மராயே என்ற கோயில் களத்தில் சாமிக்குப் படைத்த பிறகே வாயில் வைக்கலாம். பொமாரே படைக்காமலே சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டார். சாமி என்ன செய்யப்போகிறதோ என்று கூட இருந்தவர்கள் நடுங்கிக்கொண்டு பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. என் கணக்கில், அவர் செய்த மிகக் கெட்டிக்காரத்தனமான அரசியல் காரியம் அந்தச் சாப்பாடு.

மிஷனரிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. குடியையும் நடத்தையையும் காரணம் காட்டி ஞானஸ்நானத்தை ஏழு வருஷம் இழுத்தடித்தார்கள்.

1815 நவம்பர், பொமாரே டஹிட்டிக்குத் திரும்பிய பிறகு நடந்த தெ ஃபெயிப்பி போர். ஞாயிறு ஆராதனை நடக்கும்போதே எதிரிப்படை வந்துவிட்டது. பொமாரே ஆட்கள் துப்பாக்கியோடுதான் கூடியிருந்தார்கள், ஆனால் ஜெபத்தை முடித்த பிறகே எழுந்தார்கள். எதிர்த்தரப்பின் தலைவர் ஒபுஹாரா குண்டடிபட்டு விழுந்ததும் அவர் படை சிதறியது. அந்தத் தீவுகளின் வழக்கப்படி அடுத்து நடக்க வேண்டியது ஓடுபவர்களைத் துரத்திக் கொல்வது, வீடுகளைக் கொளுத்துவது, பெண்டு பிள்ளைகளையும் விடாமல் வெட்டுவது. பொமாரே தடுத்துவிட்டார். காட்டில் ஒளிந்திருந்தவர்கள் மெல்ல இறங்கி வந்து, நம்ப முடியாமல், அவர் பக்கம் சேர்ந்தார்கள். பதினைந்து வருஷப் பிரசங்கம் சாதிக்காததை அந்த ஒரு நாள் சாதித்தது. அதில் பக்தி எத்தனை பங்கு, தந்திரம் எத்தனை பங்கு என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. பிரிக்க வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு டவ்டிராவுக்கு ஆள் அனுப்பினார். துணி சுற்றிய மரக்கட்டையான ஓரோவைக் கொண்டுவந்து பொமாரேயின் சமையல்கட்டில் தூணாக நட்டார்கள். அதில் சோற்றுக்கூடைகளைத் தொங்கவிட்டார்கள். கடைசியில் பிளந்து அடுப்பில் வைத்தார்கள். எந்தக் கட்டைக்காக ஊரே வெட்டிக்கொண்டதோ, அதே கட்டை! குடும்ப சாமிகளை எரிக்கக்கூட இல்லை, வேண்டுமானால் வேடிக்கை பார்க்கட்டும் என்று மிஷனரிகளிடம் கொடுத்து லண்டனுக்கு அனுப்பிவிட்டார்.

1817-இல் மூரியாவின் அஃபாரெயய்ட்டுவில் அச்சகம் வந்தபோது முதல் பக்கத்துக்கு எழுத்துக் கோத்தவரும் அவர்தான். இரண்டு வருஷம் கழித்து 712 அடி நீளத்தில் ஒரு ஆலயம் கட்டி, சட்டத் தொகுப்பையும் பிரகடனம் செய்து, 1819 மே 16 அன்று ஞானஸ்நானம் பெற்றார். கட்டடத்தின் நீளத்தில் ராஜாவின் தற்பெருமையும் சேர்ந்தே இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

1821 டிசம்பரில் இறந்தார். மூன்று வயது மகனுக்கு 1824-இல் முடிசூட்டு விழா. முன்பு மராயேயில் சிவப்பு இறகுக் கச்சை கட்டி ராஜாவாக்குவார்கள். இப்போது அந்த விழாவை நடத்தியவர்கள் மிஷனரிகள். அதன் பின் 1836-இல் பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரிகளை வெளியேற்றிய தகராறு வளர்ந்து, இரண்டாம் பொமாரேயின் மகள் நான்காம் பொமாரே காலத்தில், 1842-இல் பிரான்சின் பாதுகாப்பாட்சியில் முடிந்தது. 1880-இல் நாடே பிரான்சுக்குப் போனது.

இதையெல்லாம் காட்டி அவரை ஏமாளி என்பவர்கள், 1808-இல் சாமியும் நாடும் கைவிட்டு மூரியாவில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு வேறு என்ன வழி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். கமெண்ட்டில் சண்டை போடலாம், நான் இங்கேதான் இருக்கிறேன்.