பானத்தில் மிதப்பது பிளாஸ்டிக்கா?

"சத்துபானத்தில் மிதக்கும் குட்டி உருண்டைகள் பிளாஸ்டிக், குடலில் ஒட்டிக்கொள்ளும்" என்று மண்டபம், கீழக்கரைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. இவ்வகை உருண்டைகளைப் பெரும்பாலும் ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளில் செய்கிறார்கள். நம் கடலில் முங்கிப் பறிக்கும் கட்டக்கோரை, பக்கோடா பாசி என்ற கடற்பாசிகளிலிருந்து கிடைப்பதுதான் அது. (பாசி எடுக்கும் அக்காமாரிடம் போய் பிளாஸ்டிக் என்று சொல்லிப் பாருங்கள்!)

சத்துப்பொருளைப் பாதுகாக்கத்தான் இந்த உருண்டை. உதாரணமாக, வெங்காயத்தில் உள்ள குவெர்செடின் போன்ற ஃபிளேவனாய்டுகள் (செடிகளில் இருக்கும் ஒருவகைப் பொருள்கள்) வெளிச்சம், சூடு, காற்று பட்டால் சிதையும். அதனால் அவற்றைச் சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் கலந்து, கால்சியம் குளோரைடு கரைத்த நீரில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். விழுந்த சொட்டு கூழுருண்டையாக இறுகிவிடும். வயிற்று அமிலத்தில் அது சுருங்கும். குடலுக்குப் போனதும் ஊதி, உடைந்து, உள்ளே இருப்பதை வெளியே விடும். சரி, அதற்காக அந்தப் பானம் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று யாராவது விற்றால், அதுவும் புரளிதான்.