ஒரு வருடப் பொறுமை வடிவத்துக்கு மட்டும்தான்

மூக்கு அழகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம் ஆகலாம், பொறுமை வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான், நுனி வீக்கம்தான் கடைசியில் வடியும். ஆனால் அந்தப் பொறுமை வடிவத்துக்கு மட்டும்தான். அடையாறில் இருக்கும் என் அக்கா மகள், மூச்சை இழுத்தாலே ஒரு பக்க மூக்கு உள்ளே ஒட்டிக்கொள்கிறது என்று மாதக்கணக்கில் சொல்லியும் கிளினிக்கில் "வீக்கம்தான், போயிடும்" என்றே அனுப்பினார்கள். மூக்கின் பக்கச்சுவர் பலமிழந்திருக்கிறது என்று வேறொரு காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் கண்டுபிடித்தார். கன்னத்தை விரலால் லேசாக வெளிப்பக்கம் இழுத்ததுமே அவளுக்கு மூச்சு தாராளமாக வந்தது.

மூச்சில் விசில் சத்தம் கேட்டால், இரண்டு மூக்குத் துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவரில் ஓட்டை விழுந்திருக்கலாம். எல்லாவற்றையும் விட அவசரம், முதல் சில நாட்களில் மூக்கு அடைத்துக்கொண்டு வலி ஏறிக்கொண்டே போவது. நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருந்தால் குருத்தெலும்பு அழிந்து மூக்குத்தண்டு பள்ளமாகிவிடும். ராத்திரியானாலும் உடனே போங்கள். காய்ச்சல், சீழ் என்றாலும் அப்படித்தான்.

அப்புறம், செய்தவரிடமே திரும்பப் போக மனம் வராதவர்களுக்குச் சென்னை அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. ஆபரேஷன் குறிப்புகளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். மூக்கில் வைக்க எங்கிருந்து குருத்தெலும்பு எடுத்தார்கள் என்பது அடுத்த மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.