போர்பன் கென்டக்கிக்கு மட்டும் சொந்தமா?

"கென்டக்கியில் தயாரானால்தான் போர்பன், வேறு மாநிலத்தில் செய்தால் அது வெறும் விஸ்கி" என்று அமெரிக்க விஸ்கி வகையான போர்பனைப் பற்றி ஒரு பதிவு சுற்றி வருகிறது. இது தவறு. 1964-ல் அமெரிக்க நாடாளுமன்றம் போர்பனை அமெரிக்காவுக்கே உரிய தயாரிப்பு என்று அறிவித்தது; எந்த ஒரு மாநிலத்துக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்தியானா, டெக்சாஸ், நியூயார்க் எல்லாவற்றிலும் போர்பன் தயாராகிறது. லேபிளில் கென்டக்கி என்று போட வேண்டுமென்றால்தான் அங்கே வடித்திருக்க வேண்டும்.

சட்டம் பார்ப்பது செய்முறையை. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; தாண்டினால் தானியத்தின் ருசி போய்விடும். பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பீப்பாய் புதிய ஓக் மரத்தில் செய்து, உள்பக்கம் தீயில் கரித்ததாக இருக்க வேண்டும். மொத்த விஷயமும் இங்கேதான். கரி கந்தக வாடையை இழுத்துக்கொள்கிறது. கரிக்குப் பின்னால் சூடேறிய மரத்தில், லிக்னின் என்ற மரப்பொருள் உடைந்து வெனிலா மணமும், சர்க்கரை கருகி செம்பழுப்பு நிறமும் தருகிறது. வெயிலில் சாராயம் விரிந்து மரத்துக்குள் போகும், குளிரில் வெளியே வரும். நிறமோ சுவையூட்டியோ சேர்க்க அனுமதி கிடையாது.

கென்டக்கியின் சுண்ணாம்புக்கல் நீரில் இரும்பு குறைவு என்பது உண்மைதான். இரும்பு கலந்தால் விஸ்கி கறுத்துவிடும். ஆனால் வடிகட்டிய நீரிலும் அந்தப் பலன் கிடைக்கும்.

வாங்கும்போது 'ஸ்ட்ரெயிட்' என்ற சொல்லைப் பாருங்கள்: குறைந்தது 2 ஆண்டு பீப்பாயில் இருந்தது. 4 ஆண்டுக்குக் குறைவென்றால் வயதை அச்சிட்டே ஆக வேண்டும்.